செவ்வாய்க் கிரகத்துத் தண்ணீர்

ஜோர்டானின் தலைநகரான அம்மானில் பல பகுதிகளுக்கு வாரத்தில் ஓரிரு நாள்தான் குழாய்த் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கணிசமான பங்கு நாட்டின் தென்கோடியிலிருந்து வருகிறது. டிசி என்ற இடத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, சுமார் 325 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதித்து, 2013 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி கன மீட்டர் நீரை வடக்கே ஏற்றுகிறார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் இவ்வளவு வறண்டிராத காலத்தில், பெய்த மழை மணற்பாறைக்குள் இறங்கித் தங்கிய நீர் அது. டிசியை ஒட்டித்தான் வாதி ரம் இருக்கிறது. ரிட்லி ஸ்காட் 2015இல் வெளியான ‘தி மார்ஷியன்’ படத்துக்காகச் செவ்வாய்க் கிரகக் காட்சிகளை எடுத்தது அங்கேதான். கதையில், கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரனுக்குப் பெரிய தலைவலி தண்ணீர். உருளைக்கிழங்கு விளைவித்தால்தான் உயிர் தங்கும். விளைவிக்க நீர் இல்லை. ராக்கெட் எரிபொருளைச் சிதைத்து, கிடைத்த ஹைட்ரஜனை எரித்து, உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீர் உண்டாக்குகிறான். அந்தக் காட்சிக்குச் செவ்வாயாக நின்ற பாறைகளின் அடுக்குகளுக்குள்ளிருந்துதான் ஒரு தலைநகரம் குடிக்கிறது.

இதைத் தற்செயலான முரண் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்தப் பாலையில் எடுக்கப்பட்ட முக்கியமான படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் தற்செயல் என்று சொல்ல வாய் வராது. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் ஒரு கிணற்றை முன்வைத்துத்தான் முதல் கொலை விழுகிறது. ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் மூன்றாம் படத்தில் பெட்ராவின் பாறைக்குள் நுழைபவர்கள் தேடுவது ஒரு கோப்பைத் தண்ணீரை. ‘டியூன்’ படங்களில் இறந்தவன் உடலிலிருந்தும் நீரைப் பிழிந்தெடுக்கிறார்கள். ஜோர்டானியர்களே எடுத்த ‘தீப்’ ஒரு கிணற்றைத் தேடிப் போகும் கதை. மலையாளத்து ‘ஆடுஜீவிதம்’ தாகத்தைத் தவிர வேறெதையும் அவ்வளவு அழுத்தமாகக் காட்டவில்லை. தண்ணீர் இல்லாத தோற்றத்துக்காகச் சினிமா இங்கே வருகிறது. வந்த இடமோ முழுக்க முழுக்கத் தண்ணீரால் ஆனது. பாறையின் வடிவம், மனிதர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பது, எந்த இனக்குழுவுக்கு எந்த வழி சொந்தம் என்பது, இன்றைய அரசியல் எல்லாமே நீரின் கணக்கு. வாதி ரம்மைப் பற்றிப் பயணக் கையேடுகளும் படத் தயாரிப்பாளர்களும் ஒரே குரலில் சொல்லும் ‘தீண்டப்படாத வெற்றிடம்’ என்ற வருணனை தவறானது என்பதும், அந்த வெற்றிடம் பெரும் உழைப்பால் உண்டாக்கப்படுகிறது என்பதும், அப்படி உண்டாக்குவதில் அந்த நாட்டுக்கு லாபத்தோடு ஒரு நட்டமும் இருக்கிறது என்பதும் என் வாதம்.

அம்மானிலிருந்து தெற்கே போகும் ‘பாலை நெடுஞ்சாலை’ நெடுந்தூரம் கண்ணுக்கு எந்த விருந்தும் வைப்பதில்லை. பழுப்பு மண், கருங்கல் சில்லுகள், பாஸ்பேட் சுரங்கங்கள், லாரிகள். முதன்முறை வருபவர் ஏமாந்துபோவார். ராஸ் அந்நகப் என்ற விளிம்பில் பீடபூமி சட்டென்று முடிந்து, சாலை கீழே இறங்கத் தொடங்கியதும் காட்சி மாறுகிறது. தொலைவில் தனித்தனித் தீவுகளாகச் செங்குத்தான மலைகள், அவற்றுக்கிடையே தெரு போட்டது மாதிரி நீண்ட மணல் வெளிகள். அடியில் கிடப்பது கருமையான கிரானைட். மேலே உள்ள அடுக்குகளைவிடப் பழையது. அதன்மேல் செம்பழுப்பு மணற்பாறை பல நூறு மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. அதற்கும் மேலே வெளிர் நிறத்தில், உருண்ட தலைகளோடு இன்னொரு மணற்பாறை அடுக்கு. நிலநடுக்கங்களும் மேலெழும்பலும் பாறையில் நேர்கோட்டு வெடிப்புகளை உண்டாக்க, பழைய ஈரக் காலங்களின் வெள்ளம் அந்த வெடிப்புகளைப் பிடித்துக்கொண்டு அறுத்து அறுத்துப் பள்ளத்தாக்குகளாக்கியது. காற்றும் உப்பும் செய்தது மேல்வேலை. தேன்கூடு போன்ற துளைகளும் மெழுகு வழிந்தாற்போன்ற சுவர்களும் அவற்றின் கைவரிசை. இரும்பு ஆக்சைடு கொடுத்த சிவப்பு, மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியைப் போர்த்தியிருக்கிறது. ஒளிப்பதிவாளர்கள் கொண்டாடும் அந்த நீண்ட இடைவெளி, அதாவது கேமராவுக்கு முன்னால் தடையில்லாத தரையும் பின்னால் அளவு சொல்லும் சுவரும் ஒருங்கே கிடைப்பது, ஆறு ஓடிய தடத்தின் அகலம்தான்.

இங்கே ஆண்டு மழை சராசரியாக 100 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. பெய்கிற கொஞ்சமும் மணற்பாறையின் நுண்துளைகள் வழியே கீழிறங்கி, நீர் புகாத கிரானைட்டில் முட்டி, இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஊற்றாகக் கசிகிறது. மலையடிவாரத்திலிருந்து சற்று மேலே, வெறும் பாறை முகத்தில், அங்கங்கே பச்சைத் திட்டு தெரிந்தால் அது அந்தக் கோடு. ரம் கிராமத்துக்கு மேலே உள்ள ஐன் ஷலாலா அப்படி ஒரு ஊற்று. 2000 ஆண்டுகளுக்கு முன், பெட்ராவைக் கட்டிய நபாத்தியர்கள் அதிலிருந்து பாறையில் வாய்க்கால் வெட்டி, கீழே தங்கள் கோயில் இருந்த குடியிருப்புக்கு நீர் கொண்டுவந்தார்கள். யுனெஸ்கோ 2011இல் வாதி ரம்மை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது இயற்கைக்காக மட்டும் அறிவிக்கவில்லை. இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்து அறிவித்தது. காரணம், சுமார் 74,000 ஹெக்டேர் பரப்பில் 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்வெட்டுகளும் இருக்கின்றன. ஒட்டகம், வரையாடு, வேட்டைக்காரன், பாதம், பிள்ளை பெறும் பெண், தன் பெயரையும் தகப்பன் பெயரையும் பொறித்த வழிப்போக்கன். பண்டைய அரேபியாவின் தமூதிக் எழுத்தில், நம்மூர்ச் சுற்றுலாத் தலங்களின் சுவர்களில் இருப்பதைப் போலவே பெயர் எழுதும் ஆசை. பூமியிலேயே இவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்ட பாலைகள் அதிகம் இல்லை. அதைத்தான் ‘யாரும் கால் வைக்காத கிரகம்’ என்று நம்பவைக்க வேண்டியிருக்கிறது.

டேவிட் லீன் 1961இல் வந்தபோது அவருக்கு அப்படி நம்பவைக்கும் கட்டாயம் இருக்கவில்லை. 70 மில்லிமீட்டர் பிலிமில், ஃபிரெடி யங்கின் ஒளிப்பதிவில், அடுத்த ஆண்டு வெளியான ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வைப் பற்றி இரண்டு குற்றச்சாட்டுகள் உண்டு: அரபுகளின் வரலாற்றை ஓர் ஆங்கிலேயனின் மனப்போராட்டமாகச் சுருக்கியது, பாலையை அழகு பார்க்கும் பொருளாக்கியது. முதலாவதை மறுக்க வழியில்லை. ஹுவைத்தாத் இனத்தலைவர் அவுதா அபூ தாயியைப் பணத்தாசை பிடித்தவராகக் காட்டியதை அவருடைய குடும்பத்தினர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார்கள். இரண்டாவது குற்றச்சாட்டில் எனக்கு உடன்பாடில்லை. அல் ஜஃப்ர் களிமண் சமவெளியில் எடுத்த புகழ்பெற்ற கானல் காட்சியை எடுத்துக்கொள்வோம். (இஸ்திரி போட்டதுபோன்ற அந்தத் தரையில் பின்னாளில், 1990களில், ஒலியை மிஞ்சும் காரை ஓட்டிச் சோதித்தார்கள்.) வெகு தொலைவில் கரும்புள்ளி ஒன்று நடுங்கி, நீண்டு, ஒட்டகமும் ஆளுமாக உருவெடுக்கிறது. நீண்ட குவியத் தொலைவு கொண்ட லென்ஸ் ஒன்றை அதற்கென்றே கொண்டுவந்திருந்தார்கள். காட்சியின் அழகைப் பேசுகிறவர்கள் அதன் காரணத்தை மறந்துவிடுகிறார்கள். வருகிற ஷரீஃப் அலி, லாரன்ஸின் வழிகாட்டியைச் சுட்டுக் கொல்கிறான். வேற்று இனத்தான் தன் கிணற்றில் தண்ணீர் எடுத்தான் என்பது குற்றம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒன்றுமில்லாத வெளியில் அந்த ஒரு குழிக்கு உரிமையாளன் இருக்கிறான், சட்டம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. பெதூயின்களைக் கொடூரர்களாகக் காட்டுகிறது என்று அந்தக் காட்சியைக் குறை சொல்லலாம். ஆனால் பாலை யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்று அது சொல்லவில்லை. பின்னால் வந்த எத்தனையோ படங்களுக்கு இந்த அளவு தெளிவும் இல்லை.

அந்தப் படப்பிடிப்பையே ஒரு நீர்க் கணக்காகப் படிக்கலாம். நூற்றுக்கணக்கான ஆட்களுக்கும் விலங்குகளுக்கும் லாரிகளில் தண்ணீர் வர வேண்டியிருந்தது. மன்னர் ஹுசைன் தம் படைவீரர்களையும் ஒட்டகங்களையும் கொடுத்து உதவினார். இன்றும் ஜோர்டான் அரசு படக்குழுக்களை நடத்தும் முறைக்கு அது முன்மாதிரி. மாதங்கள் ஆக ஆகச் செலவும் நோயும் ஏறின. தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் குழுவை ஸ்பெயினுக்குப் பெயர்த்தார். ஆகவே படத்தின் உச்சமான அகபா தாக்குதல் அகபாவில் எடுக்கப்படவில்லை. ஸ்பெயினின் அல்மெரியா கடற்கரையில் வறண்ட ஆற்றுப்படுகை ஒன்றில் ஊரையே செட்டாகக் கட்டினார்கள். உண்மையான அகபாவோ வாதி ரம்மிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நிலம் ஆள்மாறாட்டம் செய்வது சினிமாவில் இருதிசையிலும் நடக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் எதிர்வாதிகள் இதைத்தான் முதலில் எடுப்பார்கள்.

அடுத்த முப்பதாண்டுகளில் சொல்லத்தக்கது 1989இன் ‘இண்டியானா ஜோன்ஸ்’. பெட்ராவின் கஸ்னே முகப்புக்குள் கதாநாயகன் நுழைந்ததும் பொறிகளும் படுகுழியும் கொண்ட பெரும் கோயில் விரிகிறது, அது ஸ்டூடியோ. நிஜத்தில் முகப்புக்குப் பின்னால் இருப்பது சதுரமான கல்லறைக்கூடம், வெறும் சுவர்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாற்றத்தோடு எட்டிப்பார்த்துத் திரும்புகிறார்கள். அவர்கள் நடந்துவந்த சீக் என்ற இடுக்குவழியின் இரு சுவர்களிலும் இடுப்புயரத்தில் ஓடும் வாய்க்காலையும் சுடுமண் குழாய்த் தடத்தையும் கவனிப்பவர்கள் குறைவு. வெள்ளத்தைத் திருப்பிவிட அணை, நீரைத் தேக்கத் தொட்டி, வண்டலைப் பிரிக்கக் குழி என நபாத்தியர்கள் செய்து வைத்த ஏற்பாடு இல்லையென்றால் அந்த முகப்பைச் செதுக்க அங்கே ஆள் இருந்திருக்காது. புனிதக் கோப்பையின் தண்ணீரைத் தேடிய படம் உண்மையான தண்ணீரைத் தாண்டிக் குதிரையில் போய்விட்டது.

2000ஆம் ஆண்டின் ‘ரெட் பிளானெட்’ தொடங்கி வாதி ரம் செவ்வாயாகிவிட்டது. ‘தி மார்ஷியன்’ அந்த வேடத்தை நிரந்தரமாக்கியது. ‘ரோக் ஒன்’ படத்தில் இது ஜெடா என்ற சந்திரன். 2019இன் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் பசானா. ‘டியூன்’ படங்களில் அராக்கிஸ். இந்த வேடத்துக்கு என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்று பாருங்கள். முதலில் வானம். வாதி ரம்மின் அடர்நீல வானத்தைச் செவ்வாய்க்கு ஏற்ற மங்கிய காவியாக மாற்ற வேண்டும். அப்புறம் செடி. மணலில் சாக்சாலும் வெண்பூப் பூக்கும் ரதம் புதரும் இருக்கின்றன. பள்ளத்தாக்கு வாய்களில் வேலமரம். அவற்றைச் சட்டகத்துக்கு வெளியே தள்ள வேண்டும், முடியாதபோது கணினியில் அழிக்க வேண்டும். அடுத்தது தடம். ஒட்டகம் நடந்த தடம், ஆட்டு மந்தை போன தடம், ஜீப் சக்கரத்தின் தடம், ஏன், முந்தைய டேக்கில் நடிகர் ஓடிய தடம். அத்தனையையும் பெருக்கித் தள்ளாமல் ‘மனிதன் கால் படாத மண்’ கிடைக்காது. கடைசியாக, கல்வெட்டும் செதுக்கலும் உள்ள சுவர்களைத் தவிர்க்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதியின் விதிகள் அதைக் கோருகின்றன. கதையும் கோருகிறது, செவ்வாயில் ஒட்டகப் படம் இருந்தால் கதை வேறாகிவிடும். இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்வதும், குழுவை எந்த மணலில் வண்டி புதையும், எதில் புதையாது என்று சொல்லி அழைத்துப் போவதும் அங்கேயே வாழும் ஸலாபியா முதலான பெதூயின் குடும்பங்கள். மனிதர் இல்லாத கிரகத்தை உண்டாக்க அந்த மண்ணை அறிந்த மனிதர்கள் தேவைப்படுகிறார்கள்; அவர்களுடைய கடைசி வேலை தங்கள் தடத்தைத் தாங்களே அழிப்பது.

ஏன் ஜோர்டான்? சிவப்பு மணலும் மலையும் வேறு நாடுகளிலும் உண்டு. மொராக்கோவின் உவர்ஸஸாத்தில் ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. துனிசியாவில் ‘ஸ்டார் வார்ஸ்’ 1976லேயே கேமரா வைத்தது. நமீபியாவில் ‘மேட் மேக்ஸ்’ ஓடியது. ஜோர்டானுக்கு வாய்த்தது அரசியல். 2003இல், பக்கத்து இராக்கில் போர் தொடங்கிய அதே ஆண்டில், அரச திரைப்பட ஆணையம் அமைக்கப்பட்டது. சுற்றிலும் தீப்பற்றிய வட்டாரத்தில் அமைதியான ஒரு நாடு, ராணுவம் உதவும், சுங்கத்தில் கருவிகள் முடங்காது, செலவில் ஒரு பங்கு பணமாகத் திரும்பக் கிடைக்கும். (இப்போதைய மன்னர் அப்துல்லா இளவரசராக இருந்தபோது ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் வசனமில்லாத வேடத்தில் தலைகாட்டியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்; அந்த வீட்டில் சினிமா ஆசை புதிதல்ல.) பாக்தாதில் எடுக்க முடியாத ‘தி ஹர்ட் லாக்கர்’ அம்மானில் எடுக்கப்பட்டது, போரிலிருந்து தப்பி ஜோர்டானில் தஞ்சமடைந்திருந்த இராக்கியர்கள் அதில் தங்கள் ஊர்க்காரர்களாக நடித்தார்கள். பெயர் சொல்லாத போர்நாட்டுக்காக 2010இல் வெளியான ‘இன்சென்டீஸ்’ படத்தை எடுக்க வந்த டெனி வில்நெவ்தான் பின்னர் ‘டியூன்’ எடுக்க அதே நாட்டுக்குத் திரும்பினார். அதாவது செவ்வாயையும் அராக்கிஸையும் சாத்தியமாக்கியது ஒரு நிர்வாகம், ஒரு ராணுவம், எல்லையில் நின்றுவிட்ட சில போர்கள்.

‘டியூன்’ இதில் மிக நுட்பமான வழக்கு. கிரெய்க் ஃபிரேசரின் ஒளிப்பதிவில் பாறைகள் வாதி ரம்முடையவை, பெரும் மணல்மேடுகள் அபுதாபியுடையவை. பச்சைத் திரைக்குப் பதில் மணல்நிறத் திரைகளை நிறுத்தி, அந்த மண்ணின் ஒளியே முகங்களில் விழும்படி பார்த்துக்கொண்டார்கள். படத்தின் ஃபிரெமன் மக்கள் நீரைச் சேமிக்கும் உடை அணிகிறார்கள், எச்சில் துப்புவதை மரியாதையாகக் கருதுகிறார்கள், அடிநிலத்தில் ரகசியக் குளங்களைக் காக்கிறார்கள். அரபியிலிருந்து எடுத்த சொற்கள் அவர்கள் வாயில். நாவலாசிரியர் ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதியபோது பாலை மக்களின் நீரறிவை மதித்தே எழுதினார். வில்நெவும் அந்த மதிப்பைக் குறைக்கவில்லை. இருந்தும், அந்த அறிவை உண்மையில் உடையவர்களின் நிலத்தில் நின்று, அவர்களை விட்டுவிட்டு, அந்த அறிவைப் பல்லாயிரம் ஆண்டுகள் தள்ளிய கற்பனைக் கிரகத்துக்கு மாற்றியிருக்கிறது படம். முக்கிய வேடங்களில் அரபு நடிகர்கள் இல்லை என்ற விமர்சனம் இரண்டாம் பாகம் வந்தபோது பலமாகவே எழுந்தது. படம் பிடிக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாலையின் நீரறிவைக் கொண்டாடும் படமே அந்தப் பாலைக்குப் பெயர் கொடுக்க மறக்கும் என்றால், மறதி தனி இயக்குநர் ஒருவரின் குறையாக இருக்க முடியாது; இந்தத் தொழிலின் பழக்கம் அது.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது: சினிமா என்றாலே வேடம்தானே? கல்லறைக்கூடம் கோயிலாவதும் அல்மெரியா அகபாவாவதும் தொழிலின் இயல்பு. நடிகன் அரசனாக நடித்தால் அவன் சொந்த வாழ்க்கையைக் காட்டவில்லை என்று யாரும் கோபிப்பதில்லை. சரி. ஆனால் ஒரே நடிகனுக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிணமாக நடிக்கும் வேடம் மட்டும் கொடுத்தால் அவன் கேள்வி கேட்பான். வாதி ரம் எப்போதாவது செவ்வாயாவதில் தவறில்லை. உயிரற்ற இடம் என்ற ஒரே வேடம் திரும்பத் திரும்ப வரும்போது, அது வேடம் என்பது மறந்து, நிலத்தின் குணமாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. அல்மெரியாவுக்கு ஸ்பெயின் என்ற அடையாளம் வேறு நூறு வழிகளில் உலகுக்குத் தெரியும். வாதி ரம்மை உலகம் அறிந்ததே திரை வழியாக.

இரண்டாம் மறுப்பு பணம். எண்ணெய் வளம் இல்லாத, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கன மீட்டர்கூடப் புதுப்பிக்கத்தக்க நீர் தேறாத நாடு. படக்குழு வந்தால் ஓட்டுநருக்கும் சமையல்காரருக்கும் ஒட்டகக்காரருக்கும் தச்சருக்கும் கூலி. வெற்றிடமாக விற்றால் என்ன, விற்பனையாகிறதே என்பார்கள். இந்த வாதத்தை அலட்சியப்படுத்த எனக்கு மனமில்லை. ஆடு மேய்த்து வாழ முடியாத காலத்தில் படக்குழுவின் கூலி ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்பதைத் தூரத்திலிருந்து எடைபோடுவது எளிது. என்றாலும் விற்கப்படுவது என்ன என்று பார்க்க வேண்டும். பார்வையாளர் மையத்துக்கு எதிரே நிற்கும் குன்றுக்கு ஜபல் அல் மஸ்மர் என்று பெயர். இன்று சுற்றுலாப் பலகையில் அது லாரன்ஸின் புத்தகப் பெயரால் ‘ஞானத்தின் ஏழு தூண்கள்’. லாரன்ஸ் அந்தத் தலைப்பை பைபிளிலிருந்து எடுத்தார், மலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. நபாத்தியக் கட்டட இடிபாடு ஒன்று ‘லாரன்ஸின் வீடு’. அவர் குளித்ததாக எழுதியது ஐன் ஷலாலாவில். பயணிகளை ‘லாரன்ஸின் ஊற்று’ என்று கூட்டிப்போவது வேறோர் ஊற்றுக்கு. ‘தி மார்ஷியன்’ வந்த பிறகு முகாம்களில் கருப்பு ஆட்டுமயிர்க் கூடாரத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சாளரம் வைத்த குமிழ் வீடுகள் முளைத்தன. செவ்வாயில் தூங்கிய அனுபவம் வாடகைக்குக் கிடைக்கிறது. உள்ளே குளியலறை உண்டு, குழாயில் தண்ணீர் தாராளமாக உண்டு. நட்டம் என்று நான் சொன்னது இதை. அந்த இடத்தில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை விருந்தாளி கேட்கத் தோன்றாதபடி காட்சி ஏற்கெனவே அவனைப் பழக்கிவிட்டது. டிசி நீர் மீண்டும் நிரம்பாத நீர். எல்லைக்கு அப்பால் சவூதி அரேபியாவும் அதே அடுக்கிலிருந்துதான் பல பத்தாண்டுகளாக உறிஞ்சி வருகிறது. இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டது, ‘தி மார்ஷியன்’ திரைக்கு வந்த அதே 2015இல்.

இதே பாறைகளை வேறு விதமாகப் பார்க்க முடியும் என்பதற்கு ‘தீப்’ சாட்சி. நாஜி அபூ நுவார் இயக்கி 2014இல் வெனிஸ் விழாவில் பரிசு பெற்று, பின்னர் ஆஸ்கரின் வெளிநாட்டுப் பட இறுதிப் பட்டியலுக்குப் போன முதல் ஜோர்டானியப் படம். லீன் 70 மில்லிமீட்டரில் விரித்த நிலத்தை இவர்கள் சூப்பர் 16 என்ற சிறிய பிலிமில் எடுத்தார்கள். குழு பெதூயின் ஊரில் நெடுங்காலம் தங்கி, அங்கிருந்தே நடிகர்களைப் பழக்கியது. சிறுவன் தீபாக வந்தவன் அதே ஹுவைத்தாத் இனத்தவன். காலம் 1916. ஆங்கிலேய அதிகாரி ஒருவனுக்குப் பழைய ஹஜ் வழியில் உள்ள ஒரு கிணற்றுக்கு வழி காட்ட வேண்டும். 1908இல் மதீனா வரை வந்துவிட்ட ஹிஜாஸ் ரயில், யாத்ரீகர்களை அழைத்துப்போகும் பெதூயின்களின் பிழைப்பைக் கெடுத்து, அவர்களில் சிலரை வழிப்பறிக்காரர்களாக்கிவிட்டது. படத்தில் அகன்ற காட்சிகள் குறைவு. கேமரா பாறை இடுக்கில், கிணற்றுக்குள், ஒட்டகத்தின் விலாவோடு ஒட்டி நிற்கிறது. கிணற்றுக் கயிறு, எதிரொலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது, எந்த மேட்டில் துப்பாக்கி ஒளிந்திருக்கும் என்பது இவைதான் கதை. பாலை இங்கே பார்க்கும் பொருளாக இல்லாமல் படித்தறிய வேண்டிய பாடமாக இருக்கிறது, தவறாகப் படித்தவன் சாகிறான். லீனின் கிணற்றுக் காட்சியில் சுடப்பட்டு விழுந்த வழிகாட்டியின் பக்கமிருந்து மொத்தக் கதையையும் திருப்பிச் சொன்னதாகவே இதைக் கொள்ளலாம்.

‘ஆடுஜீவிதம்’ இன்னொரு கோணம். தமிழிலும் வந்துள்ள பென்யாமினின் நாவலை பிளெஸ்ஸி படமாக்கினார், இசை ஏ. ஆர். ரகுமான், 2024இல் வெளியானது. சவூதியின் ஆட்டுப்பண்ணையில் அடிமைப்பட்ட நஜீபுக்காக வாதி ரம் சவூதியாக வேடம் போட்டது. 2020இல் கொரோனா முடக்கம் விழுந்தபோது நடிகர் பிரித்விராஜ் உள்ளிட்ட 58 பேர் கொண்ட குழு விமானம் இல்லாமல் அந்தப் பாலையிலேயே சிக்கி, மே மாதக் கடைசியில்தான் ஊர் திரும்பியது. செய்திகள் அதைச் சாகசமாக எழுதின. நஜீபுக்கு நேர்ந்ததோடு ஒப்பிட்டும் எழுதின. அந்த ஒப்பீடு பொருந்தாது. குழுவுக்கு உணவும் மருத்துவரும் அனுமதிச்சீட்டும் கவலைப்பட ஒரு மாநில அரசும் இருந்தன. மேய்ப்பன் நஜீபுக்கு அவை எதுவும் இல்லை. படத்தின் பலம் அதை மறக்காமலிருந்தது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதில் ஆடு குடிக்கிறது, மனிதனுக்கு அளந்துதான் கிடைக்கிறது. பாலை கொடுமையானது என்று சொல்லாமல், தொட்டியின் சாவி யார் கையில் என்று கேட்கிறது அந்தக் காட்சி. வாதி ரம் இங்கேயும் வேறொரு நாடாகத்தான் நடித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே ஆள்மாறாட்டம் குற்றமல்ல, நிலத்திலிருந்து நீரையும் ஆளையும் கழற்றிவிடுவதுதான் கேள்விக்குரியது என்று நான் பிரித்துப் பார்ப்பதற்கு இந்தப் படம் உதவுகிறது.

இவையெல்லாம் சீக்கிரமே பழங்கதையாகிவிடும் என்போரும் உண்டு. 2019இல் ‘தி மாண்டலோரியன்’ தொடர் ஸ்டூடியோவுக்குள் வளைந்த எல்இடி சுவர்களில் பாலையை ஓடவிட்டுக் காட்டியது. இனி யார் லாரியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு வாதி ரம்முக்குப் போவார்கள்? போகிறார்கள். மணல்நிறத் திரையைத் தூக்கிக்கொண்டு போன ‘டியூன்’ குழுவுக்கு எல்இடி தெரியாததல்ல. பாறைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளியும், புழுதி நுரையீரலில் இறங்கும்போது நடிகரின் நடை மாறுவதும் சுவரில் ஓடும் படத்தால் கிடைப்பதில்லை. ஒருவேளை அது நாளைக்குச் சாத்தியமானாலும் என் வாதம் வலுக்கவே செய்யும். வெறும் வெற்றிடத்தைத்தான் விற்கிறோம் என்று ஒரு நாடு சொன்னால், வெற்றிடத்தைக் கணினி இன்னும் மலிவாகத் தந்துவிடும். கிரானைட்டும் மணற்பாறையும் சந்திக்கும் கோட்டில் ஊற்று எங்கே கசியும், எந்தக் கிணறு யாருடையது, எந்தப் பள்ளத்தாக்கில் வெள்ளம் சொல்லாமல் வரும் என்ற அறிவைக் கணினியால் தர முடியாது, அதை வைத்திருப்பவர்கள் ரம் கிராமத்திலும் டிசியிலும் இருக்கிறார்கள். அரச திரைப்பட ஆணையம் உள்ளூர்ப் படங்களுக்கு நிதியும் பயிற்சியும் தருவது, வெளிநாட்டுக் குழுவுக்குத் தரும் சலுகையைவிடப் பெரிய முதலீடு என்று நான் நினைப்பது அதனால்தான். டிசியிலிருந்து அம்மான் வரை போகும் 325 கிலோமீட்டர் குழாயின் இரு முனைகளிலும் என்ன நடக்கிறது என்பதே ஒரு முழுநீளப் படத்துக்குப் போதும். அதை எடுப்பதற்கு யாரும் மணலைப் பெருக்க வேண்டியதில்லை.